பாக்கெட் அக்காவும் பச்சைப் பெட்டியும்

சலவைக்கடையில் பாக்கெட் அக்காவிடம் எந்த உடுப்பைக் கொடுத்தாலும் அவள் கண் முதலில் கறைக்குப் போகாது. கை நேராகப் பாக்கெட்டுக்குள் போகும். மேல் பாக்கெட், பக்கப் பாக்கெட், உள்பாக்கெட் என்று ஒரு சுற்று வந்து, அகப்பட்டதையெல்லாம் மேசை ஓரத்து எனாமல் தட்டில் போட்ட பிறகுதான் "என்ன கறை, எப்ப வேணும்?" என்று வாயைத் திறப்பாள். சாவி, சீப்பு, பொத்தான், பஸ் டிக்கெட், ஒரு தடவை முழுசாக ஒரு பல்செட்டு. பல்செட்டுக்குச் சொந்தக்காரர் மறுநாள் வாயைப் பொத்திக்கொண்டு கடை வாசலில் நின்ற கோலத்தை அவள் நடித்துக் காட்டினால் இன்றைக்கும் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. அதே சலவைக்கடையில் பொத்தான் தைக்கும் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கோட்டின் உள்பாக்கெட்டில் கிடந்த பேனாவைக் கவனிக்காமல் மெஷினில் போட்டுவிட்டாள். கதவைத் திறந்தால் அத்தனை துணியும் நீலம். முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து பேனா என்றால் அவளுக்கு ஜென்மப் பகை. பாக்கெட் என்று ஒன்று கண்ணில் பட்டால் கை தானாக உள்ளே போய்விடும், மூளையிடம் அனுமதி கேட்காது. முதலாளி வயதாகி ஒதுங்கி, கடை இவள் கைக்கு வந்த பிறகும் அந்தக் கை திருந்தவில்லை.

இன்னொரு விஷயத்திலும் அவள் ரொம்பக் கறார். கடைக்குள் வரும் உடுப்பு எதுவானாலும் காலரின் உள்பக்கம் ஊக்கால் ஒரு துணிச்சீட்டு குத்தப்படும். விரல் நீளத்துக்கு வெள்ளை நாடா. அதில் எத்தனை தடவை துவைத்தாலும் போகாத மையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் எண். வட்டம்தான் கடையின் அடையாளம். வாடிக்கையாளர் துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது சீட்டைக் கழற்றிவிடுவாள். வீட்டு உடுப்புகளுக்கு மட்டும் நிரந்தரச் சீட்டு. அவளுக்கு ஒன்று, கணவருக்கு இரண்டு, மகளுக்கு மூன்று. அந்த எண்களை ஊரில் வேறு யாருக்கும் கொடுத்ததே கிடையாது.

"இந்த ஊக்கு கழுத்தைப் பிராண்டுதும்மா. கழற்றித் தொலையேன். நான் என்ன காணாமப் போற ஆளா?" என்பார் கணவர்.

"போனா யாராவது கொண்டுவந்து விடணுமில்ல?" என்பாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து இதே வழக்கு, இதே தீர்ப்பு.

கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னமும் அவர் டிரைவர்தான். அவர் அவளுக்குப் பழக்கமானதே பாக்கெட் வழியாகத்தான். அவருடைய காக்கிச் சட்டையில் ஒவ்வொரு வாரமும் ஏதாவது கிடக்கும்: ஒரு விசில், ஒரு மிட்டாய், ஒரு கோலிக்குண்டு. 'என்ன மனுஷன் இவன், இத்தனை மறதிக்காரன் எப்படி பஸ் ஓட்டுறான்' என்று அவள் பரிதாபப்பட்டு, எடுத்து வைத்து, கூப்பிட்டுக் கொடுப்பாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. ஐயா ஒன்றையும் மறக்கவில்லை. அவள் கூப்பிட வேண்டும் என்றே வாராவாரம் வாங்கிப் போட்டிருக்கிறார். கோலிக்குண்டு வாங்க ஒரு ஆண்பிள்ளை கடை கடையாக அலைந்ததை நினைத்தால் அவளுக்கு இப்போதும் உச்சி குளிர்ந்துவிடும்.

சரி, அவள் மலையேறிய கதைக்கு வருவோம். மலைக்கு வழியும் ஒரு பாக்கெட்டில்தான் தொடங்கியது.

ஒரு வங்கி மேனேஜரின் ஜாக்கெட்டில் சுண்டுவிரல் அளவு உலோகக் குழாய் ஒன்று கிடைத்தது. மருந்து என்று நினைத்துத் திறந்தாள். உள்ளே சுருட்டிய காகிதம், அதில் வரிசையாக விசித்திரமான பெயர்கள். மேனேஜர் வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, அதைப் பிரிச்சுட்டீங்களா?" என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி விளக்கினார். உலகம் முழுக்க ஒரு கூட்டம் இப்படிப் பெட்டிகளை ஒளித்து வைத்திருக்கிறதாம். ஜியோகேச் என்று பெயராம். எங்கே இருக்கிறது என்பதை இணையத்தில் போட்டுவிடுவார்களாம். போனில் இருக்கும் அம்புக்குறி வழிகாட்டுமாம். தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

"இதனால என்ன கிடைக்கும்?" என்றாள்.

"ஒண்ணும் கிடைக்காது அக்கா."

"அப்ப நல்ல விளையாட்டுதான்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் டிரைவரிடம், "இத்தனை வருஷமா அடுத்தவங்க பாக்கெட்டையே தடவிட்டு இருந்திருக்கேன். ஊரே ஒரு பாக்கெட்டுன்னு யாரும் எனக்குச் சொல்லலையே!" என்று குறைபட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறே பூங்காவில் ஒரு பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு முதல் குழாயை எடுத்தாள். காவலாளி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. தபால் பெட்டிக்குப் பின்னால், நூலகப் படிக்கட்டுக் கம்பிக்குள், பழைய பாலத்தின் இடுக்கில் என்று ஊருக்குள் இருந்த ஒன்றையும் விடவில்லை. இணையத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயரும் 'பாக்கெட்' என்பதுதான்.

இந்த வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. ஊருக்கு வெளியே இருந்த குன்றின் மேல் ஒரு பெட்டி. அவள் தனியாகப் போன அன்று செமத்தியான வெயில். அடிவாரத்து டீக்கடையில் பன்னும் டீயும் சாப்பிட்டாள். அண்ணாந்து குன்றைப் பார்த்தாள். இன்னொரு பன் சாப்பிட்டாள். அப்படியே பஸ் ஏறித் திரும்பி வந்து, "கண்டுபிடித்தேன்" என்று இணையத்தில் போட்டுவிட்டாள். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? போனார்கள். அவளுடைய மகள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுடன் வேலை செய்யும் ஒருத்திக்கும் இதே பைத்தியம். மறுவாரமே குன்றேறிப் போய்விட்டு வந்து, "உங்கம்மா பேரு அதுல இல்லையே" என்று மகளிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். பாக்கெட் அக்கா கையும் களவுமாக மாட்டினாள். அன்று முதல் வீட்டில் அவள் வாக்கு செல்லாக் காசு.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு ஒரே பதில்தான்: "ரிப்போர்ட் வரட்டும்." காய்ச்சலா? ரிப்போர்ட் வரட்டும். மழை வருமா? வரட்டும், பார்க்கலாம். நல்ல பெண், அம்மா அப்பா மேல் உயிரையே வைத்திருப்பவள். அதுதான் வம்பாகப் போயிற்று.

கடைக்குள் துணி மூட்டை வைக்கும் பரண் ஒன்று உண்டு, ஏணி வைத்து ஏற வேண்டும். ஒரு மாலை பாக்கெட் அக்கா மூட்டையோடு இறங்கும்போது, இல்லாத ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்துவிட்டாள். முழங்காலில் விரிசல். மாவுக்கட்டு, ஓய்வு, ஊன்றுகோல் எல்லாம் ஆகி, டாக்டரும் "நடங்க, ஆனா புத்தியோட நடங்க" என்று சொல்லிவிட்டார். மகள்தான் விடவில்லை.

"போதும்மா. கடையைப் பக்கத்து செல்போன் கடை அண்ணன்கிட்ட விட்டுடு. நடுச்சுவரை இடிச்சுப் பெரிசாக்கிக்கறேன்னு அவரும் எத்தனை நாளாக் கேட்டுட்டு இருக்காரு. ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க. அஞ்சாவது மாடி, லிஃப்ட் இருக்கு, ஜன்னலைத் திறந்தா காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"காத்தை வெளுத்துத் தேய்க்க முடியுமாடி?"

"அம்மா!"

பாக்கெட் அக்காவுக்கு அந்த வீட்டின் மேல் ஒரு கோபமும் கிடையாது. நல்ல வீடு, பளிச்சென்ற தரை. ஆனால் அங்கே போய் உட்காரும்போதெல்லாம் தன் கைகளை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரிவதில்லை. மடியில் வைப்பாள், எடுப்பாள், திரும்ப வைப்பாள். காலையில் கதவைத் தூக்கியதும் வரும் ஆவி வாசனை, இஸ்திரிப் பெட்டியின் சூடு, "அக்கா, நாளைக்கு வேணும்" என்ற அவசரக் குரல்கள், இதெல்லாம் இல்லாமல் ஒரு நாள் முழுக்க எப்படிப் போகும்? நினைத்தாலே அவளுக்குப் பயமாகவே இருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல் வீம்பு பேசினாள்.

"எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. மலையே ஏறுவேன்."

"எந்த மலை? பன் சாப்பிட்ட மலையா?"

டிரைவர் சிரிப்பை அடக்க இருமினார். பாக்கெட் அக்காவுக்குச் சுரீரென்றது. போனை எடுத்து மகள் முகத்துக்கு நேரே நீட்டினாள். தொலைவில், கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டி, ஆள் நடமாட்டமே இல்லாத மலைக்காட்டுக்குள் ஒரு பெட்டி. வைத்தவர் பெயர் 'பருந்து'. கண்டுபிடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"இதுக்குப் போய்த் திரும்பி வந்தா?"

மகள் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். எப்படியும் பாதி வழியில் திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். "போயிட்டு வந்துட்டேன்னா கடையைப் பத்தி இனிமே நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா வாய்வார்த்தை எல்லாம் செல்லாது. அந்தப் பெட்டியில உன் அடையாளம் இருக்கணும். இல்லைன்னா மாசக் கடைசியில அந்த அண்ணனுக்குச் சரின்னு சொல்லிடணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் பாக்கெட் அக்கா. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று அடுத்த நொடியே தோன்றியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பயணத்துக்கு டிரைவர் பஸ் கிளப்புவது போலவே தயாரானார். தோள்பையில் தண்ணீர், ரொட்டி, அவித்த முட்டை, கயிறு. 'பேனா நீங்களே கொண்டு வரவும்' என்று பெட்டிக்காரர் இணையத்தில் எழுதியிருந்ததால் ஜாக்கெட் பாக்கெட்டில் பேனா. அம்பு காட்டும் போன் சீக்கிரம் சார்ஜ் இறங்கிவிடும் என்பதால் கூடவே ஒரு பவர் பேங்க். பெட்டியில் அன்பளிப்பாக வைக்க ஒரு பழைய விசில். எல்லாவற்றையும் முந்தின நாளே போட்டு, ஜிப்பை இழுத்து, ஜாக்கெட்டைக் கடை ஆணியில் மாட்டிவிட்டார்.

விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பாக்கெட் அக்கா அந்த ஜாக்கெட்டைப் பார்த்தாள். முதுகில் ஒரு மடிப்பு. "இதைப் போட்டுக்கிட்டா வருவீங்க? சலவைக்கடைக்காரி புருஷன் கசங்கிப்போய் நின்னா கடை மானம் என்னத்துக்கு ஆகும்?" என்று பிடுங்கி, ஆவிப் பெட்டியை வைத்து ஒரு தேய் தேய்த்து, கையில் கொடுத்தாள். டிரைவர் போட்டுக்கொண்டார். காலரில் இரண்டாம் எண் சீட்டு வழக்கம் போலப் பிராண்டியது. வழக்கம் போல முணுமுணுத்தார். பஸ் வந்துவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இறங்கினார்கள். அங்கேயிருந்து ஒற்றையடிப் பாதை. முதலில் மரங்கள், பிறகு ஆள் உயரப் புல், பிறகு பாறையும் காற்றும். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்டது. பாக்கெட் அக்காவுக்கு உற்சாகம் பிடிபடவில்லை, பாட்டுகூட முணுமுணுத்தாள். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் "ஓரம், ஓரம்" என்று யாருமில்லாத காட்டுக்குக் குரல் கொடுத்தபடி வந்தார்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில்தான் சனியன் பிடித்தது. அம்பு நேராகக் காட்டியது. நேராக இருந்தது ஒரு சரிவு. "இதுதான் வழி," என்றார் டிரைவர். "கீழே போகுதே, நாம மேலேயில்ல போகணும்?" என்றாள் அவள். வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்தவரிடம் வழி பேசலாமா? இறங்கினார்கள். இறங்க இறங்க ஒரு ஓடை வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை.

"திரும்பிடலாம்."

"நான் ரிவர்ஸ் எடுக்கறதில்ல."

"இது பஸ் இல்லீங்க, மலை."

"இன்னும் கொஞ்சம் போனா வழி இருக்கும்."

இருக்கவில்லை. டிரைவர் தம் வாழ்க்கையில் முதன்முறையாக வாய்விட்டு, "சரி, ரிவர்ஸ்," என்றார். வந்த சரிவு முழுவதையும் மீண்டும் ஏறியதில் பாக்கெட் அக்காவின் முழங்கால் கணகணவென்று கொதித்தது. மற்றப் பாதையில் திரும்பி, மூச்சு வாங்கி, உட்கார்ந்து எழுந்து, முகடு கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்தபோது போன் ஒரு முறை முனகிவிட்டு அணைந்தது.

"அந்த பவர் பேங்கை எடுங்க."

டிரைவர் வலது பாக்கெட்டில் கையை விட்டார். இடது பாக்கெட்டில் விட்டார். உள்பாக்கெட்டில் விட்டார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். பாக்கெட் அக்கா தன் வலது கையைத் தூக்கித் தானே பார்த்தாள்.

"தேய்க்கும்போது..." என்றாள்.

"எடுத்துட்டியா?"

"தெரியலையே. எடுத்திருப்பேன். எடுக்காம இருந்திருக்க மாட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். தட்டுல கிடக்கும்." அவள் குரல் உள்ளே போய்விட்டது. "பேனாவும்."

டிரைவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாக்கெட் அக்காவுக்கும் கண்ணில் நீர் வந்தது. அது சிரித்து வந்தது அல்ல. போட்டோ எடுக்கப் போன் செத்துவிட்டது. டிரைவரின் பட்டன் போனில் கேமராவே கிடையாது. பெயர் எழுதப் பேனா இல்லை. மேலே போனால் என்ன, போகாவிட்டால் என்ன? மகள் நம்பப் போவதில்லை. "என் கையாலேயே என் கடைக்கு உலை வெச்சுட்டேனேங்க," என்று விசும்பினாள். "அந்த அஞ்சாவது மாடியில உட்கார்ந்து நான் என்ன பண்ணுவேன்?"

டிரைவர் சிரிப்பை நிறுத்தினார். அவள் அழுது அவர் பார்த்ததே அபூர்வம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொட்டியை எடுத்து நீட்டினார்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். போன தடவை மாதிரியே இங்கேயே சாப்பிட்டுட்டுத் திரும்பிடலாம். கண்டுபிடிச்சேன்னு போட்டுடு."

பாக்கெட் அக்கா விருட்டென்று எழுந்தாள். "என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? யாரு நம்பினா என்ன, நம்பாட்டி என்ன? நான் அந்தப் பெட்டியைப் பார்க்காம இறங்க மாட்டேன்." ரொட்டியை வாங்கிக் கடித்துக்கொண்டே முன்னால் நடந்தாள். டிரைவர் மீசைக்குள் சிரித்தபடி பின்னால் போனார். மனைவியைக் கிளப்ப எந்தச் சாவி வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

முகட்டில் மூன்று மொட்டைப் பாறைகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நடுப் பாறை என்பது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. டிரைவர் அதன் காலடியெல்லாம் புரட்டினார், பின்பக்கம் போனார், உச்சியைத் தடவினார். பாக்கெட் அக்கா கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தாள். காணாமல் போகக்கூடாது என்று நினைக்கிற பொருளை எந்த மனிதனும் வெளிப்பாக்கெட்டில் வைப்பதில்லை. பாறையின் ஒரு மடிப்பு இன்னொன்றின் மேல் படிந்திருந்த இடத்தில், நெஞ்சு உயரத்தில், இடது பக்கம், முழங்கை வரை கையை விட்டாள். குளிர்ந்த இரும்பு விரலில் தட்டியது.

"இருக்கு!" என்று அவள் போட்ட கூச்சல் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தவளை, ஒரு சாவிக்கொத்து, உறையில் சுற்றிய காகிதக் கட்டு. யார் யாரோ எழுதிய பெயர்கள். கடைசிப் பெயருக்குக் கீழே வெறும் வெள்ளை. அவள் அந்த வெள்ளையையே பார்த்தாள். சேற்றைத் தொட்டு விரலால் எழுதிப் பார்த்தாள், காய்ந்ததும் உதிர்ந்தது. ஏதோ ஒரு காட்டுப்பழத்தை நசுக்கிப் பார்த்தாள். அது இன்னொரு கறை ஆயிற்றே தவிர எழுத்து ஆகவில்லை. துவைத்தால் போய்விடும் என்று வாய் தானாகச் சொன்னது.

டிரைவர் வியர்வையில் நனைந்த கழுத்தைச் சொறிந்தார். "சனியன் பிடிச்ச ஊக்கு. இங்கேயுமா பிராண்டணும்?"

பாக்கெட் அக்கா திரும்பினாள். அவர் கழுத்தையே பார்த்தாள். பிறகு பாய்ந்து காலரைப் பிடித்தாள்.

"ஏய், என்ன பண்றே? கீழே தள்ளிடாதே!"

"அசையாம நில்லுங்க!"

இரண்டாம் எண் சீட்டு அவள் கைக்கு வந்தது. தான் போட்டிருந்த குளிர் ஜாக்கெட்டின் காலரைத் திருப்பி ஒன்றாம் எண்ணையும் கழற்றினாள். எத்தனை வெளுப்பிலும் போகாத மை. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத வட்டம். இரண்டு சீட்டையும் அருகருகே வைத்து, வெள்ளையாக இருந்த இடத்தில் ஊக்கால் குத்தினாள். காற்று எத்தனை இழுத்தும் அவை அசையவில்லை. பெட்டியை மூடி, இருந்த மடிப்புக்குள்ளேயே தள்ளினாள். இறங்கும் வழி முழுக்க டிரைவர், "ஆஹா, கழுத்துக்கு என்ன சுகம், என்ன சுகம்," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சுகம் அதிக நேரம் நீடிக்கவில்லை. கடைக்கு வந்து விளக்கைப் போட்டால் எனாமல் தட்டில் பேனாவும் பவர் பேங்க்கும் விசிலும் சமர்த்தாகப் படுத்திருந்தன. மகள் வந்து கதை முழுவதையும் கேட்டாள். பேனா எப்படித் தட்டுக்கு வந்தது என்பதையும், சீட்டு எப்படிப் பெட்டிக்குப் போனது என்பதையும். நெற்றியைச் சுருக்கினாள்.

"போட்டோ?"

"இல்ல."

"பேரு?"

"அதான் சீட்டு குத்தியிருக்கேனே."

"நல்லாத்தான் இருக்கு, கேட்க."

இணையத்தில் பருந்துக்கு எழுதிக் கேட்டாள் பாக்கெட் அக்கா. 'பெயர் எழுதினால்தான் கணக்கு. துணிச்சீட்டு பற்றி விதியில் எதுவும் இல்லை. மழைக்காலம் முடிந்து மேலே போகும்போது பார்த்துச் சொல்கிறேன்' என்று பதில் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் மாதக் கடைசி அல்லவா வந்துவிடும்! மகளிடம் காட்டினாள். மகள், "சரி, ரிப்போர்ட் வரட்டும்," என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பொய் சொன்ன அன்று மாட்டியதுகூட இப்படி வலிக்கவில்லை. இந்தத் தடவை அத்தனையும் உண்மை. உண்மையைக் காதில் வாங்க ஆளில்லை.

அந்த வாரம் முழுக்கப் பாக்கெட் அக்கா துணியை ஓங்கி ஓங்கி உதறினாள். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை; நாள் முழுக்க எடுக்கவில்லை. கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் செல்போன் கடைக்காரர் நீளமான டேப்போடு வந்தார். "சும்மா ஒரு அளவு பார்த்துக்கறேன் அக்கா, தப்பா நினைக்காதீங்க," என்று நடுச்சுவரை அளக்க டேப்பின் ஒரு முனையை டிரைவர் கையில் பிடிக்கக் கொடுத்தார். டிரைவர் என்ன செய்வார், பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். நடை ஒரு தினுசாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் "ஸ்ஸ்" என்றாள். கன்னத்தில் கீறல். ஐந்தாவது மாடிக்கு லிஃப்ட் இல்லையென்றால் வாசலிலேயே உட்கார்ந்துவிடும் பெண் அவள். முழுக்கச் சேறு அப்பிய தன் குளிர் ஜாக்கெட்டைக் கழற்றி மேசை மேல் போட்டாள்.

பாக்கெட் அக்காவுக்குக் கைதான் முதலில் போயிற்று. கைக்குட்டை, பஸ் டிக்கெட், ஒரு பேனா. பேனாவை முறைத்துத் தட்டில் போட்டாள். பிறகு சீட்டுப் பார்க்கக் காலரைத் திருப்பினாள். ஊக்கு இருந்த துளை மட்டும் இருந்தது.

"மூணாம் நம்பர் எங்கேடி?"

"விட்டுட்டு வந்துட்டேன்."

"எங்கே?"

மகள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்க ரெண்டு பேர் சீட்டுக்குப் பக்கத்துல. மூணையும் சேர்த்துக் குத்திட்டு வந்தேன்."

ஆவி மெஷின் மட்டும் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. பாக்கெட் அக்காவுக்குக் கேட்க எத்தனையோ இருந்தும் வாயில் வந்தது இதுதான்: "பேனாதான் வெச்சிருந்தியே. பேரை எழுத வேண்டியதுதானே?"

"நீங்க ரெண்டு பேரும் எழுதலையே."

டிரைவர் சுவரோரத்திலிருந்து, "ஓடைக்கு இறங்கினியா?" என்று கேட்டார்.

"இறங்கினேன்ப்பா. நீங்க சொன்ன வழிதானே அது?"

"ரிவர்ஸ் எடுத்தியா?"

"உடனே எடுத்தேன்."

"அப்ப நீ உங்கம்மா பொண்ணுதான்."

மகள் சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது. "அந்தக் காலோட நீ அவ்வளவு தூரம் ஏறியிருக்கேம்மா. எனக்கு நல்ல கால், நானே மூணு இடத்துல உட்கார்ந்து அழுதேன். உன்னை நம்பலையேன்னு அதுவேற அழுகை." திரும்பி, செல்போன் கடைக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, டேப்பைச் சுருட்டிக்கோங்க. ரிப்போர்ட் வந்துடுச்சு. கடை எங்கேயும் போகலை."

டிரைவர் பிடித்திருந்த முனையைச் சட்டென்று விட்டார். டேப் சர்ரென்று ஓடிப்போய்ச் சுருண்டது.

"அம்மா, இந்த ஜாக்கெட் எப்பக் கிடைக்கும்?"

"வேலை ஜாஸ்தி இருக்கு. அவசரப்படுத்தாதே," என்றாள் பாக்கெட் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. இழுப்பறையைத் திறந்து வெள்ளை நாடாவில் ஒரு துண்டு வெட்டினாள். வட்டம் போட்டாள், உள்ளே மூன்று என்று எழுதினாள். காலரின் உள்பக்கம் பழைய துளையைத் தேடி ஊக்கை நுழைத்தாள்.

"கழுத்துல பிராண்டாத மாதிரி குத்தும்மா," என்றாள் மகள்.

"அதை நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்," என்றார் டிரைவர்.